யாருக்கு லாபம்?

ஒரு செய்தி காதில் விழுந்ததும் ‘இது உண்மைதானா?’ என்று கேட்போர் ஒரு வகையினர். ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்று கேட்போர் மற்றொரு வகையினர். கொள்கைப் பற்று முற்றிவிட்டால் இரண்டாவது கேள்வி முந்திக்கொள்கிறது. முதலாவது கேட்கப்படுவதே இல்லை. அறிவிற் குறைந்தோரையே இந்நோய் பற்றும் என எண்ணுவோர்க்கு ஜே. பி. எஸ். ஹால்டேனை நினைவூட்ட விரும்புகின்றோம்.

மரபியலைக் கணித அடிப்படையில் நிறுவிய மேதைகளுள் ஒருவர் அவர். நச்சு வாயுக்களைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த நெஞ்சுரம் படைத்தவர். 1957இல் இங்கிலாந்தைத் துறந்து நம் நாட்டுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராகவும் விளங்கியவர்.

1928இல் அவரை ரஷ்யாவுக்கு அழைத்து உபசரித்தவர் நிக்கலாய் வவிலோவ். உலகெங்கும் அலைந்து தானிய விதைகளைத் திரட்டி லெனின்கிராடில் சேமித்த அப்பெருமகன் 1940இல் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து மாண்டார். மானிடத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவருக்கு வாய்த்த முடிவு இது! அவருடைய இடத்தைப் பிடித்தவர் லைசென்கோ. மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று சாதித்தவர் அவர். 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய வேளாண் விஞ்ஞானிகள் மன்றத்தில், தம் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பரிசீலித்து ஏற்றுக்கொண்டது என அவர் அறிவித்தார். அத்துடன் விவாதம் முடிந்தது. வயல் சொல்ல வேண்டிய தீர்ப்பைக் குழு சொல்லிவிட்டது.

அவ்வாண்டு இறுதியில் பி.பி.சி. வானொலி நான்கு விஞ்ஞானிகளிடம் கருத்துக் கேட்டது. மூவர் லைசென்கோவைக் கண்டித்தனர். ஹால்டேன் மட்டும் அவர் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம் என்று மழுப்பினார். வவிலோவின் மரணம் அதற்குள் மேலைநாட்டு விஞ்ஞானிகள் அறிந்த செய்தி. முதலாளித்துவ நாடொன்றின் சிறையில் அத்தகைய விஞ்ஞானி மாண்டிருந்தால் ஹால்டேனின் எழுதுகோல் இவ்வளவு நிதானம் காட்டியிருக்குமா?

சோவியத்தைப் பகைவர் சூழ்ந்திருந்த வேளையில் அதைக் குறைகூறுவது எதிரிக்கு ஆயுதமாகாதா என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. ஆகட்டுமே! எதிரிக்கு ஆதாயம் என்பதற்காகக் கோதுமை மணி தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. விளைச்சலைப் பற்றிய பொய்யை ஒப்புக்கொண்டவர், அந்தப் பொய்யை மறுத்தவனின் மரணத்தைக் குறித்து எந்த வாயால் நீதி கேட்பார்? உற்றாருக்கு எதிராயினும் நேர்மையாகச் சாட்சி சொல்லப் பணிக்கப்பட்ட நமக்கு இது அயலார் கதையன்று. ‘இப்போது பேசவேண்டாம், சமுதாயத்தின் பெயர் கெடும்’ என்னும் குரலை நம் சபைகளில் வாசகர்கள் கேட்டதில்லையா?

கொள்கையே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்கரும் சோஷலிசப் பற்றாளரே. வவிலோவின் அழைப்பை ஏற்று 1933 முதல் 1937 வரை ரஷ்யாவில் பணியாற்றியவர். 1946இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1948இல் சோவியத் விஞ்ஞானக் கழகம் தமக்களித்த உறுப்பினர் பதவியைக் காரணங்களை விளக்கித் தூக்கியெறிந்தார்.

ஹால்டேனும் சில ஆண்டுகளில் கட்சியைவிட்டு ஒதுங்கினார். எனினும் 1964இல், தம் மறைவுக்குப்பின் ஒலிபரப்புவதற்கென்று தாமே பேசிப் பதிவுசெய்த இரங்கலுரையில், லைசென்கோவிடம் அதிகாரம் சேர்ந்தது கேடாயிற்று என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், அவர் சிறந்த உயிரியல் அறிஞர் என்றும் புகழ்ந்தார்.