மழைக்கென ஒதுக்கிய நாள்

கிளாஸ்கோ நகரிற் கல்வி பயிலும் தம் மகன், தோழர் இருவருடன் கூடி, ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியில் மூன்று நாள் நடந்து செல்லவும், இரவில் வெட்டவெளியிற் கூடாரமடித்துத் தங்கவும் எண்ணியிருப்பதாகவும், "போகாதே" என்று தடுப்பதா, "போய் வா" என்று விடுவதா எனத் தெரியாது தாம் மயங்குவதாகவும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் எழுதியிருக்கிறார். போய் வரட்டும் என்பதே நமது கருத்து. ஆயினும் புறப்படுமுன் அம்மூவரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து செய்து முடிக்கவேண்டிய வேலை ஒன்றுண்டு. அது செவ்வனே நடந்ததா என்பதை அம்மையார் ஒரேயொரு கேள்வியால் அறிந்துகொள்ளலாம். "தம்பி, மழை பெய்தால் எந்த நாளை வீணாக்குவாய்?" என்று கேட்கட்டும். மகன் விழித்தானாயின் திட்டம் இன்னும் முடியவில்லை என்க.

மலை என்றதும் நம்மவர்க்கு நுவரெலியாவும் அக்கரப்பத்தனையுமே நினைவில் எழும். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வழங்கும் பால்மோரல், கிளென்லயன் என்னும் பெயர்கள் ஸ்கொட்லாந்து இடப்பெயர்களே. கிளென் என்றாற் பள்ளத்தாக்கு. பென் என்றால் மலை. லொக் என்றால் ஏரி, சில இடங்களில் நிலத்தினுட் புகுந்த கடற்கை. இம்மூன்று சொற்களை அறிந்தவன் அந்நாட்டுத் தேசப்படத்திற் பாதியைப் படித்தவனாவான். அங்குள்ள மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸ் 1,345 மீற்றர் உயரமுடையது. நமது பிதுருதலாகலையின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி. இதைக் கேட்டு, "இவ்வளவுதானா!" என்பவர் ஏமாந்து போவர். அம்மலைகள் வட அகலக்கோடு 57 பாகையை அடுத்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் புயல்களுக்கு நேர்முகமாக நிற்பவை. ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் குறையும். மேற்குச் சரிவுகளிற் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பொழிகின்றது. அம்மழை நம் நாட்டு மழைபோல வெதுவெதுப்பானதன்று.

மாணவர் மூவர் தேர்ந்தெடுக்கத் தக்க வழியொன்றைச் சொல்வோம். மேற்குக் கரையில் நொய்டார்ட் என்றொரு தீபகற்பம் உண்டு. அங்குள்ள இன்வெரி என்னும் சிற்றூருக்கு வெளியுலகிலிருந்து செல்லும் வீதியே இல்லை. மல்லேக் துறைமுகத்திலிருந்து படகேறலாம். அன்றேல் மலை கடந்து நடக்கலாம். கிளாஸ்கோவிலிருந்து மல்லேக் செல்லும் புகையிரதம் கிளென்பின்னன் என்னும் நிலையத்தில் நிற்கும். அங்கிறங்கி வடக்கே கணவாய் ஏறினால், முதல் நாள் முடிவில் கிளென் டெசரிப் பள்ளத்தாக்கை அடையலாம். இரண்டாம் நாள் கற்பாறைக் கணவாயொன்றைக் கடந்து, லொக் நெவிஸ் என்னும் கடற்கையின் தலைப்பிலுள்ள சூர்லீஸ் சேரலாம். மூன்றாம் நாள் மாம் மீடல் கணவாய் ஏறி இறங்கினால் இன்வெரி. மொத்தம் 30 மைல் அளவில் வரும். பின்னர் படகில் மல்லேக் சென்று, வந்த பாதையிலேயே புகையிரதத்தில் மீளலாம்.

சட்டத்தைப் பற்றி அம்மையார் அஞ்சவேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலமாயினும் பொறுப்புடன் நடந்து செல்லவும், சிறு கூடாரமடித்து இராத் தங்கவும் எவர்க்கும் உரிமை வழங்குகின்றது. இங்கிலாந்திலோ பெரும்பாலான இடங்களில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கலாகாது. வீடுகளுக்கும் வீதிக்கும் விலகியிருத்தல் வேண்டும். மலங்கழிப்போர் நீர்நிலையிலிருந்து 30 மீற்றராவது தள்ளிச் சென்று குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். லொக் லோமண்ட் ஏரியைச் சூழ்ந்த சில பகுதிகளில் மாத்திரம், மார்ச்சு முதல் செப்டெம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும். நமது வழி அங்கே செல்வதில்லை.

இனி மேசைக்கு வருவோம். மூவரும் முதலில் விரிக்கவேண்டியது ஓட்னன்ஸ் சேர்வே நிறுவனத்தின் தேசப்படம். கைத்தொலைபேசியிலும் அப்படம் உண்டே என்பர் இளைஞர். மின்கலம் குளிரில் விரைவிற் சோர்வதையும், நனைந்த விரலுக்குத் திரை பணியாததையும் எண்ணி, கடதாசிப் படத்தையும் திசையறி கருவியையும் உடன் கொள்ளல் வேண்டும்.

நேரத்தைக் கணிக்க நேஸ்மித் என்னும் மலையேறி 1892இல் வகுத்த விதியொன்று இன்றும் வழங்குகின்றது. மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம். அதன்மேல், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். சூர்லீசிலிருந்து இன்வெரிக்குப் பத்து மைல், ஏற்றம் 1,800 அடி எனக் கொண்டால், நாலேகால் மணித்தியாலம் என்று விதி கூறும். அது நல்ல கால்களுக்கும் நல்ல தரைக்கும் உரிய கணக்கு. முதுகில் 12 கிலோ சுமையும் காலடியில் ஊறிய சேற்று நிலமும் இருக்கையில், ஏழு மணித்தியாலம் என்று எழுதிக்கொள்பவனே கணக்கறிந்தவன். சூர்லீசை விட்டுப் புறப்பட்டதும் ஒரு சிறு முனையைக் கடக்கவேண்டும். வற்று நேரமாயிற் கரையோரமாகவே சுற்றிப் போகலாம்; பெருக்கு நேரமாயின் மேட்டில் ஏறி இறங்கவேண்டும். மலைக்குப் போகிறவன் கடலின் நேர அட்டவணையையும் பார்த்துவைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கையே.

ஆனால் இவையெல்லாம் சிறு காரியங்கள். நொய்டார்டின் உண்மையான எசமானர் அங்குள்ள ஆறுகளும் ஓடைகளுமே. செங்குத்தான சரிவு, ஆழமற்ற மண், அதன்கீழே பாறை. இத்தகைய நிலத்திற் பெய்த மழை தங்குவதில்லை. சில மணித்தியாலங்களுள் முழுவதும் ஓடையில் வந்து சேர்ந்துவிடும். காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை, மாலையில் இடுப்பளவு சீறிப் பாயும். கார்னக் என்னும் பேராற்றுக்கு நடைப்பாலம் உண்டு. தேசப்படத்தில் மயிரிழைபோற் காணும் சிற்றோடைகள் பலவற்றுக்கு இல்லை. முழங்காலுக்கு மேற்பட்ட வேக நீர், வலிய இளைஞனையும் வீழ்த்தவல்லது. முதுகுச் சுமையோடு வீழ்ந்தவன் எழுவது அரிது.

இதற்கு மருந்து கயிறன்று, துணிவுமன்று, காத்திருத்தலே. விரைவிற் பெருகும் ஆறு விரைவில் வற்றுவதும் இயல்பு. மழை ஓய்ந்தால், முன்னாள் மாலையில் கடக்கவொண்ணாதிருந்த ஓடை மறுநாட் காலையில் கணுக்காலளவிற் கிடப்பதுண்டு. ஆனால் காத்திருப்பதற்கு நாள் வேண்டும். அந்நாளுக்கு உணவு வேண்டும். சனிக்கிழமை படகுக்குச் சீட்டு வாங்கி, திங்கட்கிழமை பரீட்சையும் வைத்துக்கொண்டு, மூன்று நாள் வழிக்கு மூன்றே நாளை ஒதுக்கியவன், ஓடைக்கரையில் நின்று என்ன செய்வான்? இறங்குவான். அவனை நீரில் இறக்குவது ஓடையன்று, நாட்காட்டியே. ஆகவே மூன்று நாள் வழிக்கு நான்கு நாள் ஒதுக்குக. ஒரு நாளுக்குரிய உணவை மேலதிகமாகச் சுமக்க. மழை பெய்யாவிடின் அந்நாளை இன்வெரிக் கடற்கரையிலே படுத்துக் கழிக்கலாம், எவரும் குறைகூறார்.

திரும்பும் இடத்தையும் வீட்டிலிருந்தே குறித்தல் வேண்டும். கிளென் டெசரியிலிருந்து கிழக்கே சென்றால், லொக் ஆர்கேக் ஏரியின் தலைப்பில் வீதியொன்று வந்து முடிகின்றது. மனித நடமாட்டம் குறைந்த நெடுவீதியாயினும் வீதி வீதியே. இரண்டாம் நாட் கணவாயைக் கடந்துவிட்டாலோ, முன்னே கடல், பின்னே மலை. எனவே தீர்மானம் செய்யும் வேளை இரண்டாம் நாட் காலை. வானம் கறுத்திருந்து, மூவரில் ஒருவனுக்குக் காலும் நொந்திருந்தால் கிழக்கே திரும்புவது என்று முன்பே உடன்பட்டிருந்தால், அங்கே வீராப்புப் பேச இடமிராது.

ஒரே புகலிடத்தை நம்பிச் செல்வதன் கேடு, 1971ஆம் ஆண்டு நவம்பரில் கேர்ங்கோம் மலையிற் கொடூரமாக வெளிப்பட்டது. எடின்பரோ நகரத்து மாணவர் குழுவொன்று, ஏறத்தாழ 4,000 அடி உயரமான மேட்டுச் சமவெளியிற் பனிப்புயலில் அகப்பட்டது. அவர்கள் நாடிச் சென்ற சிறு குடில் வெண்பனியினிடையே கைக்கெட்டாது போயிற்று. திறந்த வெளியில் இரண்டு இரவு கழிந்தது. மாணவர் ஐவரும், பதினெட்டே வயதான உதவி வழிகாட்டி ஒருத்தியும் இறந்தனர். இருவரே உயிர் தப்பினர். அத்தகைய குடில் மலையுச்சியில் இருப்பது உயிரைக் காக்குமா, அன்றி ஆபத்துக்கு அழைக்குமா என்ற வாதம் எழுந்து, பின்னர் அக்குடிலே அகற்றப்பட்டது.

நமது வழியிலும் பொத்தி எனப்படும் கற்குடில்கள் உள. 1965இல் அமைந்த மலைக்குடிற் சங்கம், இத்தகைய குடில்களில் ஏறத்தாழ நூறைத் தொண்டர்களைக் கொண்டு பேணி வருகின்றது. கட்டணமில்லை, பூட்டில்லை, விளக்கும் குழாய்நீரும் இல்லை. சூர்லீசில் உள்ளது மிகச் சிறியது. முன்வந்தோர் நிறைந்திருத்தலும் கூடும். குடில் உண்டென்று கூடாரத்தை வீட்டில் விட்டுச் செல்வது பெரும் பேதைமை.

கைத்தொலைபேசி அப்பள்ளத்தாக்குகளிற் பெரும்பாலும் ஊமை. ஆகையால் நாளுக்கு நாள் செல்லும் வழி, தங்குமிடம், திரும்பும் வழி, கூடாரத்தின் நிறம், செய்தி வரவேண்டிய கடைசி மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிளாஸ்கோவிலுள்ள பொறுப்பான நண்பரிடம் கொடுத்தல் வேண்டும். அம்மணி கடந்தால் அவர் 999 இலக்கத்தை அழைத்துப் பொலிசாரைக் கேட்டு, மலைமீட்புப் படையை வேண்டுவார். இலங்கையிலிருந்து அவ்விலக்கத்தை அழைத்தால் அங்கே சென்று சேராது. எனவே அம்மையாரிடம் அத்தாளின் பிரதியும் அந்நண்பரின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். கடைசி மணியைக் குறிக்கும்போது மழைநாளையும் சேர்த்தே குறிக்க. மீட்புப் படையினர் சம்பளம் பெறாத தொண்டர். அவர்களை வீணே நள்ளிரவில் எழுப்புவது அழகன்று. விசில் ஒன்றும் வேண்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது உதவி கேட்கும் குறி.

உடையில் பருத்தியை விலக்குக. நனைந்த பருத்தி உலராது உடற்சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தும் ஓரளவு காக்கும். உறங்கும் பையும் ஒரு சோடி கம்பளி மேசும் நீர்புகாத உறையிற் கிடக்கட்டும். வானமே இடிந்து விழுந்தாலும் பகலில் அவ்வுறையை அவிழ்க்கலாகாது. சப்பாத்து நனையத்தான் செய்யும். அதைப்பற்றி வருந்திப் பயனில்லை. உணவு நாளொன்றுக்கு ஆளுக்கு முக்கால் கிலோ என்று கொள்ளலாம். சோறின்றி அமையாதென்போர்க்கு ஒரு சொல்: அரிசி வேக எரிவாயு நிரம்பச் செலவாகும், அவலுக்குக் கொதிநீரே போதும். அவலும் சீனியும் தேங்காய்ப்பூ வற்றலும் கொண்டுபோனவன், மற்றையோர் சட்டியைத் துலக்குமுன் உண்டு முடித்திருப்பான்.

காலம் மே மாதமே சிறந்தது. பகல் நீண்டது, சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பின்பே மறையும். திசெம்பரிலோ பகல் ஏழு மணித்தியாலமும் இல்லை. யூன் முதலாக மிட்ஜ் என்னும் பூச்சி கிளம்பிவிடும். நுளம்பினும் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கில் முகத்தை மொய்க்கும். மெல்லிய காற்றையும் அது தாங்காதாகையால், ஒதுங்கிய பள்ளத்தை விட்டுக் காற்றுப்படும் மேட்டிற் கூடாரம் அமைத்தல் நன்று. மாலைதோறும் உடம்பில் உண்ணி பற்றியுள்ளதா என்று பார்த்தலும் வேண்டும். லைம் நோயைப் பரப்புவது அதுவே. ஆகஸ்டு முதல் ஒக்டோபர் வரை மான்வேட்டைக் காலமாதலால், அந்நாட்களிற் செல்வோர் உள்ளூராரிடம் வழி விசாரித்துச் செல்லல் முறை.

கார்னக் பாலத்தண்மையில் கூரையிழந்த கற்சுவர்கள் சில நிற்கக் காணலாம். அப்பகுதியை ஆளில்லா வனம் என்று புகழ்ந்து எழுதுவோர், அச்சுவர்களை உற்று நோக்குவதில்லை. 1853இல் நொய்டார்ட்டின் நிலவுடைமையாளர், குடியானவர் முந்நூறு பேருக்கு மேற்பட்டோரை வெளியேற்றிக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினர். போக மறுத்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆளில்லாமை அங்கே இயற்கையன்று, செய்யப்பட்டது. கடைசியில் 1999ஆம் ஆண்டிலே அங்கு வாழ்வோர் ஒரு நிதியம் அமைத்து, அந்நிலத்தில் ஒரு பகுதியைத் தாமே விலைக்கு வாங்கினர். இன்வெரியில் இன்று கடையும் பள்ளியும் தேநீர்ச்சாலையும் உண்டு. இறங்கிவரும் மூவரும் தம் மேலதிக உணவை உண்ணாது வைத்துக்கொண்டு, தேநீரையாவது அங்கே விலைக்கு வாங்கிக் குடிக்கட்டும். படகில் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்தல் நலம். குளிர்காலத்தில் அது அத்துணை முறை ஓடுவதில்லை.