முதல் துப்பாக்கியும் கைமடி நாட்களும்

முதன்முதலாகச் சுடக் கற்பவர் எந்தக் கைத்துப்பாக்கியை வாங்குவது? பனியன் ஏற்றுமதியில் நாலு காசு பார்த்த திருப்பூர் நண்பர்கள் சிலர் இதற்குச் சட்டென்று ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: உரிமம் பெற்று ஒரு .32 ரிவால்வர், அதுவும் எடை குறைந்ததாக. இதை நாம் முற்றாக மறுக்கிறோம்.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின், 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென அறிமுகம் செய்தது. எடை 500 கிராம். அப்போது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். கைப்பையில் அடங்கும் என்பதே பெருமையாகப் பேசப்பட்டது. கைப்பைக்கு உகந்தது கற்பவர் கைக்கு உகந்ததன்று. ஆயுதம் இலேசானால் வெடிப்பின் பின்னுதைப்பு கையில் அதிகம் விழும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முனைகளின் இடைவெளி சுருங்கி, மயிரிழைப் பிசகும் இலக்கில் பெரிதாகும். உதைப்புக்கு அஞ்சும் புதியவர் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடுவார். படிந்துவிட்ட அந்த அச்சத்தைக் களைவது எளிதன்று.

தொடங்க உகந்தது 4.5 மில்லிமீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியே. உதைப்பு அநேகமாக இல்லை. ஆகவே பிழை முழுக்கக் கற்பவருடையது என்பது உடனே விளங்கும். விளையாட்டுச் சாமான் என்று ஏளனம் செய்வோர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இவ்வகைத் துப்பாக்கியால்தான் என்பதை அறிக. 10 மீட்டர் தூரத்தில் நடுவட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். இதையும் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் சில மாதம் பழகிய பின், உள்ளங்கைக்குப் பொருந்தும் பிடி பார்த்து வாங்கலாம்.

தற்காப்புக்கு அது உதவாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பழகாத கையிலுள்ள ரிவால்வரால் முதலில் ஆபத்து வீட்டாருக்கே. 2016 ஆயுத விதிகள்கூட உரிமம் கோருவோரிடம் பயிற்சியையும் பத்திரமாகப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டையும் எதிர்பார்க்கின்றன.

இந்நண்பர்களின் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவரை முதல் நாளே ஓவர்லாக் மிஷினில் உட்கார வைப்பார்களா? கைமடியாக நின்று, துணி எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, மிஷினின் போக்கைக் கண்ணால் கற்ற பிறகே தையல். விரலில் ஏறும் ஊசிக்கே இத்தனை எச்சரிக்கை!

துப்பாக்கிக்கும் கைமடி நாட்கள் உண்டு. எப்போதும் குண்டு நிரம்பியதாகவே கருதுதல், சுட விரும்பாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பாதிருத்தல், குறிவைக்கும்வரை விசையில் விரல் வைக்காதிருத்தல், இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிதல். இந்த நான்கும் உடம்பில் ஊறாதவர் எந்தத் துப்பாக்கியையும் வாங்கத் தகுதியற்றவர், பணம் எத்தனை இருந்தாலும்.