ரகசியமே முதல் காவல்!

அரக்கோணம் பெரிய ரெயில் சந்திப்பு. சென்னை, செங்கல்பட்டு, ரேணிகுண்டா, ஜோலார்பேட்டை ஆகிய நான்கு திசைப் பாதைகளும் இங்கே கூடுகின்றன. திருத்தணி முருகன் கோவிலில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பலரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா நகையைப் பழைய துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு புடவையை வைத்து, பேசாமல் உட்கார்ந்து இருப்பார். இன்னொருவர் புதுப் பெட்டிக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

திருடன் கண் யார் மேல் விழும்? சொல்லத் தேவை இல்லை.

கோடிக்கணக்கில் பணம் போகும்போதும் கதை இதுதான்.

கூரையில் ஓட்டை

2016-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி இரவு, சேலத்தில் இருந்து சென்னை எழும்பூருக்கு எக்ஸ்பிரஸ் ரெயில் புறப்பட்டது. அதில் ஒரு தனிப் பெட்டி. உள்ளே பாங்கியில் சேர்ந்த பழைய நோட்டுகள், 342 கோடி ரூபாய்! ரிசர்வ் பாங்கிக்கு அனுப்பப்பட்ட பணம் அது. காவலுக்குப் போலீசாரும் அதே ரெயிலில் சென்றார்கள்.

மறுநாள் சென்னையில் பெட்டியைத் திறந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை! 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-ல்தான் கும்பல் பிடிபட்டது.

பூட்டு இருந்தது. போலீசும் இருந்தது. ஆனால் எந்த ரெயிலில், எந்தப் பெட்டியில் பணம் போகிறது என்பது திருடர்களுக்குத் தெரிந்து இருந்தது!

பட்டப்பகலில் கொள்ளை

2025-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோன வேனைச் சிலர் மறித்தார்கள். "நாங்கள் ரிசர்வ் பாங்கி அதிகாரிகள்" என்றார்கள். 7 கோடியே 11 லட்சம் ரூபாயுடன் மறைந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலாளிகள் வேனில் இருந்தும் பயன் இல்லை.

சில நாட்களிலேயே பணத்தில் பெரும் பகுதி மீட்கப்பட்டது. கைதானவர்களில் ஒரு போலீஸ்காரரும், பணம் ஏற்றிச் செல்லும் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவரும் இருந்தார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

மத்திய அரசு 2018-ல் விதிகள் வகுத்தது. தனியார் வேனில் ஒரு நடைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக்கூடாது. டிரைவருடன், துப்பாக்கி ஏந்திய காவலாளிகள் இரண்டு பேர் வேண்டும். நகரங்களில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமங்களில் மாலை 6 மணிக்கு மேலும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக்கூடாது.

ரிசர்வ் பாங்கி அதே ஆண்டில் இன்னும் நுட்பமாகச் சொன்னது. தினமும் ஒரே வழியில் போகாதீர்கள். ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புங்கள். யார் போவது என்பதை அன்றன்றே முடிவு செய்யுங்கள்.

இதுதான் சரியான யோசனை. துப்பாக்கி, திருடன் வந்த பிறகு வேலை செய்யும். ரகசியம், அவனை வரவிடாமலே தடுக்கும்.

ஆனால் அந்த ரகசியத்தைக் காப்பது யார்? இரும்பு வேன் அல்ல. அதில் போகும் மனிதர்கள். ஊரார் பணத்துக்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைப்பவர்கள். அவர்களுக்கு நல்ல சம்பளமும், போதிய ஓய்வும், குடும்பத்துக்கு இன்சூரன்சும் வேண்டாமா?

"சம்பளம் கூடினால் திருட்டு நின்றுவிடுமா?" என்று கேட்கலாம். நிற்காது. நல்ல சம்பளம் வாங்குகிறவர்களிலும் திருடர்கள் உண்டு. ஆனால் கோடிகளைச் சுமக்கிறவரை வீட்டு வாடகைக்குத் திண்டாட வைப்பது நியாயம் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

வீட்டுக்கும் இதுவே பாடம்

ரெயிலில் உட்கார்ந்துகொண்டு, "நகை எல்லாம் எடுத்தாச்சு, வண்டி ஏறிட்டோம்" என்று போனில் உரக்கப் பேசாதீர்கள். ஊருக்குப் போகும் செய்தியை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள். நகை எந்தப் பையில் இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு. இரவில் அதுவும் பேசாதே என்றார்கள் பெரியவர்கள். பெட்டிக்குப் பூட்டு வாங்கும்போது, வாய்க்கும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது!