அரிதாரம் கலைக்க முடிந்தவர்களின் கலை

வேஷம்தான் கலைஞனின் விடுதலை என்கிறார்கள், நவீனக் கலை பற்றி எழுதுகிறவர்கள். 'நான்' என்று நிலையாக ஒன்றுமில்லை, எல்லாமே புனைவு, எனவே இன்னொருவராக மாறிக் காட்டுவதே கலகம் என்பது இவர்களுடைய சித்தாந்தம். கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கிருப்பது ஒரே கேள்விதான். வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் உங்கள் அரிதாரம் போய்விடும். எங்கள் மேல் ஆயிரம் வருஷமாகப் பூசி வைத்திருக்கிறார்களே, அது எந்தத் தண்ணியில போகும்?

இந்தக் கேள்வியை எழுப்பி ஒரு கறுப்புப் பெண் எப்போதோ ஒரு அருங்காட்சியகத்தைக் கதிகலங்க வைத்துவிட்டார். பெயர் லொரெய்ன் ஓ'கிரேடி. 1981 செப்டம்பரில் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் 'பெர்சோனா', அதாவது வேஷம், என்றே பெயர் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. வேஷம் புனைந்து கலை செய்கிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வெள்ளையர்கள். ஓ'கிரேடியையும் கூப்பிட்டிருந்தார்கள், கலைஞராக அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண்காட்சியை விளக்கிச் சொல்ல. விருந்து அவங்களுக்கு, இலை எடுக்கிற வேலை நமக்கு!

திறப்பு விழாவன்று ஓ'கிரேடி தன் சொந்த வேஷத்தோடு உள்ளே நுழைந்தார். 180 ஜோடி வெள்ளைக் கையுறைகளால் ஆன கவுன். தலையில் கிரீடம். 1955ல் அழகிப் போட்டியில் ஜெயித்ததாகச் சொல்லும் ஒரு பட்டை. கையில் வெள்ளைச் செவ்வந்திப் பூ பதித்த சாட்டை. வேஷத்தின் பெயர் மத்மோசெல் பூர்ஷ்வா நுவார், கறுப்பு மேட்டுக்குடிச் சீமாட்டி. சிரித்தபடியே பூக்களை நீட்டினார். பூ தீர்ந்ததும் அந்தச் சாட்டையால் தன்னையே அடித்துக்கொண்டு, கறுப்பர்களை வெளியே நிறுத்தும் கலை உலகத்தைத் தாக்கிக் கவிதை முழங்கினார். பிள்ளைகளுக்கு விளக்கும் வேலையும் அதோடு பறிபோனது.

கவனியுங்கள் தோழர்களே. வேஷத்தைக் கொண்டாடத் திறந்த மண்டபம் அது. அங்கே வெள்ளையர் போட்டால் கலை. கறுப்புப் பெண் போட்டால் அத்துமீறல்.

வேஷக் கலையின் மகாராணி என்று சிண்டி ஷெர்மனைச் சொல்வார்கள். தன்னையே சினிமா நாயகிகளாக ஒப்பனை செய்து அவர் 1977 முதல் 1980 வரை எடுத்த படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1995ல் மொத்தமாக வாங்கியது. சினிமா பெண்ணை எப்படி வார்த்தெடுக்கிறது என்று அந்தப் படங்கள் காட்டியதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1976ல் அதே ஷெர்மன் பஸ் பயணிகளாக வேஷம் போட்டு எடுத்த படங்களும் இருக்கின்றன. வெள்ளைப் பயணிக்குத் தனித்தனி முகம், தனித்தனி குணம். கறுப்புப் பயணிக்கு ஒரே கறுப்பு மை. யார் தனி ஆள், யார் வெறும் நிறம் என்பதை அந்த மை சொல்லிவிடுகிறது.

2014ல் இது உச்சத்துக்குப் போனது. நியூயார்க் விட்னி பைனியல் கண்காட்சியில் டொனெல் வுல்ஃபோர்டு என்ற கறுப்புப் பெண் ஓவியரின் படைப்புகள் வைக்கப்பட்டன. அப்படி ஒரு ஆளே கிடையாது. ஜோ ஸ்கேன்லன் என்ற வெள்ளை ஆண் கலைஞரின் கற்பனை அவர். கறுப்பு நடிகைகளை அமர்த்தி அந்தப் பாத்திரத்தில் நடிக்க வைத்தார். இதை எதிர்த்து, பெரும்பாலும் கறுப்பர்களைக் கொண்ட ஒரு கலைக் குழு கண்காட்சியை விட்டே வெளியேறியது. கறுப்புப் பெண் நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய பொம்மை. நூல் வெள்ளைக்காரர் கையில்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு என்று கேட்காதீர்கள். வேஷத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு இது. பேஷ்வா ஆட்சியில் புனேவில் தீண்டப்படாதவன் எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' (1936) நூலில் அம்பேத்கர் பதிவு செய்தார். அதுவும் உடுப்புதான், ஒப்பனைதான். யாரும் அதைப் 'பெர்சோனா' என்று சொல்வதில்லை. கலயம் தொங்கும் அந்த உருவத்தைத் தன் அச்சோவியங்களில் கொண்டுவந்தவர் சவி சாவர்கர் என்ற தலித் ஓவியர். அவருக்கு அது பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிப் பார்க்கும் உடுப்பு அல்ல, பாட்டன் கழுத்தில் கிடந்தது.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களாக வேஷம் போட்டுப் படங்கள் எடுத்தார். ரவிவர்மா ஓவியப் பெண்ணாக ஒரு படம். கட்டம் போட்ட திரை முன்னால், வெள்ளைக்காரன் அளவெடுத்த தோடர் பெண்ணாக இன்னொரு படம். காலனியக் கேமராவின் திமிரைக் கிண்டல் செய்யும் நல்ல முயற்சிதான். ஆனாலும் கேட்கிறேன்: ரவிவர்மா பெண்ணும் அளவெடுக்கப்பட்ட பழங்குடிப் பெண்ணும் ஒரே அலமாரியில் தொங்கும் இரண்டு உடுப்புகளா? படம் முடிந்ததும் கலைஞர் தன் பெயரோடு வீடு திரும்பினார். அன்றைக்கு நிஜமாகவே அந்தத் திரை முன்னால் நிறுத்தப்பட்டவள் பெயர் என்ன?

அப்படியானால் ஒடுக்கப்பட்டவன் வேஷமே போடக் கூடாதா? போடலாம், போட வேண்டும். ஏட்ரியன் பைபர் போட்டார். வெளிர் நிறம் கொண்ட கறுப்பினப் பெண் அவர். 1973 முதல் 1975 வரை மீசை ஒட்டி, சுருட்டை முடி டோப்பாவும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, வெள்ளைச் சமூகம் கண்டு மிரளும் கறுப்பு ஆணாகத் தெருவில் நடந்தார். 1986 முதல் ஒரு சின்ன அட்டை அச்சிட்டு வைத்துக்கொண்டார. அவர் கறுப்பர் என்று தெரியாமல் விருந்தில் யாராவது இனவெறிப் பேச்சுப் பேசினால், நான் கறுப்பினத்தவள் என்று சொல்லும் அந்த அட்டையை மௌனமாக நீட்டுவார்.

அந்த அட்டையைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நகரத்தில் வாடகை வீடு தேடி அலைந்த காலத்தில் ஒரு வீட்டுக்காரம்மா, "தம்பி தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லப்பா" என்றார். கேள்விக்கு முன்னால் இருந்த வீடு பதிலுக்குப் பின்னால் இல்லை. இதனால்தான் நம்மில் எத்தனையோ பேர் ஆபீசில், ஹாஸ்டலில், வாடகை வீட்டில் பேச்சை மாற்றி, சாப்பாட்டை மாற்றி, ஊர்ப்பெயரை விழுங்கி, விடிந்தால் வேஷம் கட்டுகிறார்கள். கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. மாட்டிக்கொண்டால் வீடு போகும். வேஷம் என்பது விளையாட்டு அல்ல என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக நம்மாட்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ'கிரேடி வெள்ளையரிடம் மட்டும் சண்டைக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய வருஷமே, 1980ல், கறுப்பர்களே நடத்திய கேலரிக்குள் அதே கவுனோடு போய், கையுறை மாட்டிக்கொண்டு கலை செய்யாதீர்கள் என்று சொந்த இனத்தையே உலுக்கினார். நம் ஓவியனும் எழுத்தாளனும் கையைப் பார்த்துக்கொள்ளட்டும். மேடை கிடைக்கும் என்று அழுகிற தலித்தாக மட்டுமே நிற்பதும், பாராட்டு கிடைக்கும் என்று சாதியே தெரியாத 'பொதுக் கலைஞனாக' நிற்பதும் ஒரே ஜோடிக் கையுறைதான்.

அடுத்த முறை யாராவது வேஷம் கட்டி, இது விடுதலை என்றால் கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: இது யாருடைய உடுப்பு? கழற்றியதும் நீ யார்? இதை நிஜமாகவே உடுத்தியவன் இந்த மண்டபத்துக்குள் வர முடியுமா? பதில் வராவிட்டால் எழுந்து வாருங்கள். நம் கூத்தை நாமே கட்டுவோம்.