அஞ்சல்தலையில் பிழை காண்போம்

பிழையற்ற ஏட்டை நாடுவதே கற்றோர் இயல்பு. அஞ்சல்தலை சேகரிப்போர் மட்டும் பிழையைத் தேடி அலைகின்றனர். இஃது என்ன விந்தை எனப் பெரியோர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. அவர்கட்கு விடை கூற வேண்டியது நம் கடனாகின்றது.

1854ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாலணா அஞ்சல்தலை அச்சாயிற்று. சிவப்புச் சட்டம், நடுவே நீல நிறத்தில் விக்டோரியா அரசியின் தலை. இரு நிறமாதலால் ஒரே தாள் இருமுறை அச்சேறியது. இரண்டாம் முறை தாளைத் திருப்பி வைத்துவிட்டார் ஒருவர். அரசியின் தலை கீழாயிற்று. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1918இல், அமெரிக்காவின் 24 சென்ட் வானஞ்சல் தலையிலும் அதே கைத்தவறு நேர்ந்தது. வில்லியம் ரோபி என்பார் வாசிங்டனில் 24 டாலர் கொடுத்து வாங்கிய நூறு தலைகளிலும் வானூர்தி தலைகீழாகப் பறந்தது!

இவற்றின் விலையைக் கேட்டு மயங்கும் மாணவர் பலர். விலையன்று, அச்சுக்கூடத்தில் நிகழ்ந்ததைப் பிழை காட்டிக் கொடுக்கின்றதே, அதுவே அதன் பெருமை என்பது நம் கருத்து. 1841இல் வெளிவந்த ஒரு பென்னிச் செந்தலையை நோக்குக. தாளொன்றுக்கு 240 தலைகள். ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தகட்டில் கையாலேயே பொறித்தனர். எழுபத்தேழாம் தகட்டில் ‘பி’ பொறித்தவர் அடுத்துப் பொறிக்க வேண்டிய ‘ஏ’யை மறந்தார். அவர் பெயரை நாம் அறியோம். அவர் மறதியை உலகம் அறியும்.

அச்சுக்கூடத்திற்கு வெளியே நேர்ந்தது பிழையாகாது, அது சேதம். இந்த வேறுபாட்டை அறியாமல் நாமும் ஒருமுறை ஏமாந்தோம். மஞ்சள் நிறம் விடுபட்டது என நம்பிக் காசு கொடுத்து வாங்கிய தலை, வெயிலில் வைத்து வெளுக்கப்பட்டது என்பது பின்னரே தெரிந்தது. விளிம்பின் துளைகளைக் கத்தரித்துவிட்டு, ‘துளையிடாத தலை’ என விற்போரும் உளர். ஆதலின் துளையிடாதவற்றை இணையாகவே வாங்குதல் வேண்டும். இரண்டிற்கும் நடுவே கத்தரிக்கோல் புக இயலாதன்றோ? புள்ளியோ கீறலோ தென்படின், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அதே வெளியீட்டின் பிற படிகளையும் ஒப்பிடுக. தாள்தோறும் அதே இடத்தில் அக்கீறல் வருமாயின் குற்றம் தகட்டினுடையது. ஒன்றில் மட்டுமெனின், பெரும்பாலும் தூசியோ மைச்சிதறலோ ஆகும்.

1962இல் அமெரிக்கா, மறைந்த ஐ.நா. பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷோல்டுக்கு 4 சென்ட் தலை வெளியிட்டது. சிலவற்றில் மஞ்சள் நிறம் தலைகீழாயிற்று. அஞ்சல்துறைத் தலைவர் எட்வர்ட் டே அப்பிழையையே வேண்டுமென்று நான்கு கோடி அளவில் மீண்டும் அச்சிடப் பணித்தார். கண்டெடுத்தோருக்கு அது பேரிழப்பு. வேண்டுமென்றே செய்தது பிழையாகுமா என்று சேகரிப்போர் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நாம் டே அவர்களை முற்றும் குறை கூறோம். அவர் செயலால் அத்தலை இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. சேகரிக்கத் தொடங்கும் மாணவர், நேராக அச்சானது ஒன்றும் தலைகீழானது ஒன்றும் வாங்கி அருகருகே வைத்து, மஞ்சள் எங்கே இடம் மாறியது என ஒரு மாலைப் பொழுது பார்த்திருக்கட்டும்.