பட்டமும் உரிமமும்

கடல் கடந்து பொறியியலாளராய்ப் பணிபுரிய விழையும் மாணவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நாடுகள் பொறியியற் பட்டங்களைப் பரஸ்பரம் மதிப்பதற்கென 1989ஆம் ஆண்டில் வாஷிங்டன் உடன்பாடு பிறந்தது. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் அதில் முழு அங்கத்துவம் பெற்றது. ஆயினும், இங்கு வழங்கப்படும் பட்டங்களுள் அந்நிறுவனம் ஆராய்ந்து அங்கீகரித்தவற்றுக்கே அம்மதிப்பு உரியது.

பட்டம் ஏற்கப்பட்டதும் தொழில் உரிமம் கிட்டிவிடும் என்றெண்ணுதலும் தவறு. கனடாவில் அதனை வழங்குவது அந்தந்த மாகாணப் பொறியியலாளர் சபையே. அது தொழில் அனுபவத்தை ஆராயும்; சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய பரீட்சையும் வைக்கும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. பெற்றோரே, கட்டணம் செலுத்துமுன், பிள்ளை பயிலவிருக்கும் கற்கைநெறி அங்கீகாரம் பெற்றதாவென வினவுங்கள். நான்காண்டு உழைப்பும், காணி ஈடு வைத்துப் பெற்ற பணமும் அவ்வொரு வினாவிலே தங்கியிருக்கின்றன.