காய்ச்சலில் மர்மம் என்று ஒன்றில்லை

2012 மே, ஜூன் மாதங்களில் கடையநல்லூரில் காய்ச்சலில் படுக்காத தெருவே இல்லை. வரிசையாகச் சாவுகள் விழுந்தபோது ஊரில் எல்லோரும் சொன்னது 'மர்மக் காய்ச்சல்' என்றுதான். ரத்தத்தைச் சோதித்ததும் டெங்கு என்று தெரிந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் மரணம் என்கிறது அரசுக் கணக்கு. நாட்டிலேயே அதுதான் அதிகம். குடிநீர் தினமும் வராத ஊரில் தொட்டியிலும் டிரம்மிலும் அண்டாவிலும் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் யார்தான் பிழைக்க முடியும்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டது அந்த நல்ல தண்ணீரில்தான். நோயும் தெரிந்தது, காரணமும் தெரிந்தது.

இருந்தும் ஒரு வாரத்தைத் தாண்டிய எந்தக் காய்ச்சலையும் இன்றும் 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் அழைக்கிறோம். "டாக்டர்களுக்கே பிடிபடவில்லை" என்கிறோம். இந்தப் பேச்சு தவறு. அதனால் உயிரும் போகிறது.

காரணம் பிடிபடாத காய்ச்சல் மருத்துவத்துக்குப் புதிய கேள்வி அல்ல. அமெரிக்காவின் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு மருத்துவர்கள் 1961-இலேயே இதற்கு ஓர் அளவு வைத்தார்கள்: 101 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல் மூன்று வாரத்துக்கு மேல் விட்டு விட்டு அடிக்க வேண்டும், மருத்துவமனையில் ஒரு வாரம் தேடியும் காரணம் தெரியாதிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நூறு பேரைத் தொடர்ந்து கவனித்ததில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த நோய்கள்தான், வழக்கமான முகத்தோடு வரவில்லை, அவ்வளவே. கடைசிவரை காரணம் தெரியாத சிலர் எப்போதும் உண்டு. ஆனால் முறையாகத் தேடிய பிறகும் விடை கிடைக்காதவர்களில் பலர் தானாகவே குணமாகிவிடுகிறார்கள். தேடாமலே கைவிடப்பட்டவர்கள் கதை வேறு.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒன்றும் தெரியவில்லை" என்பது அடுத்த வாதம். உடம்பு முழுவதையும் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வயலும் புதரும் சூழ்ந்த நம் பக்கத்தில், ஸ்கரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்துப் பரப்புவது. கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்புக் கயிறு இறுகும் இடம் என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாவின் அந்த இடங்களை யார் பார்க்கிறார்கள்? ஒரு செவிலியர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தால் சில நிமிட வேலை. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது என்பதும் உண்மை. அவர்களுக்கு ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். கொடுக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாயும். அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஏற்றுவதே மேல் என்று 2023-இல் ஆய்வு வெளியிட்டவர்கள் வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த இந்திய மருத்துவமனைகளும்தான். நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது.

"விடால் பாசிட்டிவ், அதனால் டைபாய்டு" என்பதையும் நான் ஏற்கவில்லை. விடால் 1896-இல் வந்த சோதனை. டைபாய்டு நடமாடும் நாட்டில் பழைய தொற்றும், வேறு நோய்களும்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரே நம்பத்தக்கது. முதல் நாளே மாத்திரை போட்டுவிட்டுப் பத்தாம் நாள் கல்ச்சர் எடுத்தால் கிருமி வளராது. பிறகு அதுவும் மர்மக் கணக்கில் சேரும். டைபாய்டு என்று நினைத்துக் கொடுக்கும் லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கிவைத்துவிடும். நம் நாட்டில் நீண்ட காய்ச்சலுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். வயிற்றிலோ முதுகெலும்பிலோ நெறிக்கட்டியிலோ ஒளிந்திருந்தால் சளிப் பரிசோதனையில் அது தெரியாது.

"ஈஎஸ்ஆர், சிஆர்பி கூடியிருக்கிறது, அப்படியானால் கிருமிதான்" என்று மருந்தை மாற்றி மாற்றி ஏற்றுவதும் நடக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் அந்த அளவுகள் உடலில் அழற்சி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோயில் மாலையானால் காய்ச்சல் ஏறும், மூட்டு வலிக்கும், தொண்டை கரகரக்கும், காய்ச்சலோடு ஒரு தடிப்பு வந்து மறையும். நம் கறுத்த தோலில் அந்தத் தடிப்பு எளிதில் தெரியாது. கிருமி இல்லாத அந்த நோய்க்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு மிக அதிகமாக இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

"ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டதும் விட்டுவிட்டது" என்பதே எல்லாவற்றிலும் ஆபத்தான சான்று. எந்த அழற்சியையும் ஸ்டீராய்டு தணிக்கும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றையும் சில வாரம் மறைக்கும், காசநோயை உள்ளே பரவவும் விடும். நோய் என்னவென்று தெரிந்தபின் அது மருந்து. தெரியுமுன் போட்டால் தடயத்தை அழிக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைவதும் இதே வகைத் தவறு: ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான்.

எனவே காய்ச்சல் நீண்டால் காலை, மதியம், இரவு வெப்பநிலையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். வயலுக்குப் போனது, காய்ச்சாத பால் குடித்தது, வளைகுடாவிலிருந்து வந்தது எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். அங்கே பச்சை ஒட்டகப் பால் குடித்தவருக்குப் புருசெல்லா காய்ச்சல் வரலாம். ஆன்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: சீட்டில் 'வைரல் ஃபீவர்' என்று மூன்றாவது வாரமும் எழுதாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.